சான் டியேகோவின் பீர் சிற்றாலைகள்: நெரிசலான சந்தையில் புதியவர் தனித்துத் தெரிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஊர்ப்பகுதியில் இத்தனை பீர் ஆலைகள் எப்படி முளைத்தன?

கலிஃபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கும் சான் டியேகோ கவுண்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட பீர் சிற்றாலைகள் இருக்கின்றன. 1970-களின் இறுதியில் அமெரிக்கா முழுவதையும் சேர்த்தாலே நூறு ஆலைகள் தேறவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணிக்கையின் கனம் புரியும். வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். காய்ச்சும் இடத்திலேயே பீரை ஊற்றி விற்கும் உணவகங்களுக்குக் கலிஃபோர்னியா 1982-இல் வழி திறந்துவிட்டது. சான் டியேகோவில் அந்த வழியில் முதலில் நடந்து நிலைத்தது 1989-இல் நகர மையத்தில் திறந்த கார்ல் ஸ்ட்ராஸ்.

அதன் பிறகு நடந்தவை மளமளவென்று நடந்தன. சோலானா பீச்சில் பீட்சா கடை வைத்திருந்த அண்ணன் தங்கை இருவர் 1992-இல் கடைக்குள்ளேயே பீர் காய்ச்சத் தொடங்கினார்கள். அதுதான் பீட்சா போர்ட். அதே ஆண்டில் வீட்டில் காய்ச்சுவோருக்கான மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் பூ, பாத்திரங்கள் விற்கும் ஹோம் ப்ரூ மார்ட் என்ற கடை திறந்தது. அந்தக் கடையின் பின்கட்டிலிருந்து 1996-இல் பாலஸ்ட் பாயின்ட் ஆலை பிறந்தது. 1995-இல் ஏல்ஸ்மித், 1996-இல் ஸ்டோன். வீட்டு அடுப்பில் கற்றுக்கொண்டவர்கள் ஆலை வைத்தார்கள். அந்த ஆலைகளில் தொட்டி கழுவியவர்கள் பிறகு தங்கள் சொந்த ஆலையை வைத்தார்கள். ஆகவே இங்கே புதிதாகத் தொடங்குபவர் தன் குருவுக்கும் குருவின் குருவுக்கும் எதிரிலேயே கடை விரிக்க வேண்டியிருக்கிறது.

'கிராஃப்ட்' என்ற பட்டத்தை யார் கொடுக்கிறார்கள்?

சிறிய, சுதந்திரமான ஆலையைக் குறிக்கும் இந்தப் பட்டத்தைச் சட்டம் கொடுப்பதில்லை. ஆலைகளின் தேசியச் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் வைத்திருக்கும் வரையறைதான் புழக்கத்தில் உள்ளது: ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பீப்பாய்க்குள் இருக்க வேண்டும், கிராஃப்ட் அல்லாத மது நிறுவனம் ஒன்றின் கையில் 25 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு இருக்கக் கூடாது. அமெரிக்கக் கணக்கில் ஒரு பீப்பாய் 31 கேலன், அதாவது ஏறத்தாழ 117 லிட்டர். 60 லட்சம் பீப்பாய் என்பது 'சிறிய' என்ற சொல்லுக்குள் எப்படி அடங்கும் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். நாம் இங்கே பேசுவது ஆண்டுக்குச் சில நூறு அல்லது சில ஆயிரம் பீப்பாய் காய்ச்சும், நிஜமாகவே சிறிய ஆலைகளைப் பற்றி.

எல்லாரும் ஐ.பி.ஏ. வகையையே காய்ச்சுகிறார்களே, அதில் வேறுபாடு எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சற்று நீளமானது. ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) என்பது ஹாப்ஸ் பூவின் கசப்பையும் மணத்தையும் முன்னிறுத்தும் பீர். சான் டியேகோ உலக அளவில் பெயர் வாங்கியதே இந்த வகையால்தான். வடக்கே சிறிது தொலைவில் உள்ள டெமெக்யூலாவில், பிளைண்ட் பிக் ஆலையில், வின்னி சிலுர்சோ 1994-இல் ஹாப்ஸை இருமடங்காக்கிக் காய்ச்சிய பீரை முதல் 'டபுள் ஐ.பி.ஏ.' என்று பொதுவாகக் கருதுகிறார்கள். தெளிந்த நிறம், நாக்கில் இனிப்பு நிற்காத வறட்சி, எலுமிச்சைத் தோலும் பைன் பிசினும் கலந்த வாசனை, விடாப்பிடியான கசப்பு ஆகியவை சேர்ந்ததே 'மேற்குக் கரை' பாணி.

இன்று ஒரு புதிய ஆலை அந்தப் பாணியில் எவ்வளவு நன்றாகக் காய்ச்சினாலும், வாடிக்கையாளர் அதை முன்பே இருபது இடங்களில் குடித்திருப்பார். மூலப்பொருளும் ஒன்றேதான். ஹாப்ஸில் பெரும்பகுதி வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. சிட்ரா, மொசைக் போன்ற வகைகளை உருவாக்கிய நிறுவனங்கள் அவற்றின் உரிமையைத் தங்கள் கையிலேயே வைத்திருக்கின்றன. பணம் கட்டுகிற எவரும் வாங்கலாம். ஈஸ்டும் அப்படியே. 1995-இல் இந்த ஊரில் தொடங்கிய ஒயிட் லேப்ஸ் ஆய்வகத்தின் கலிஃபோர்னியா ஏல் ஈஸ்ட் ஊரின் பாதி ஆலைகளுக்குத் தாய்ப்பால் மாதிரி என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. மளிகைக் கடை ஒன்றாகவே இருக்கும்போது கைப்பக்குவத்தில்தான் வேறுபாடு காட்ட முடியும்.

அந்தக் கைப்பக்குவம் எங்கே தெரிகிறது? கொதிக்கும்போது போடும் ஹாப்ஸ் கசப்பைத் தருகிறது. கொதி அடங்கிய பிறகும் புளித்து முடியும் தறுவாயிலும் போடும் ஹாப்ஸ் மணத்தைத் தருகிறது. எந்த வெப்பத்தில் போடுவது, எத்தனை நாள் ஊறவிடுவது, அடியில் தங்கும் கசடை எப்போது வெளியேற்றுவது என்ற முடிவுகள் ஒவ்வொன்றும் சுவையை அசைக்கின்றன. டிகாக்‌ஷன் இறக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே தூள், ஒரே ஃபில்டர், ஆனால் இரண்டு வீட்டுக் காப்பி ஒன்றாக இருப்பதில்லை.

வெர்மான்ட் பக்கத்திலிருந்து பரவிய, மங்கலான நிறமும் பழச்சாறு போன்ற மணமும் கொண்ட 'ஹேஸி' ஐ.பி.ஏ. வந்தபோது மேற்குக் கரைக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களும் காய்ச்சினார்கள். கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல் போட்டியில் 2018-இல் அதற்குத் தனிப் பிரிவே வந்துவிட்டது. என் கணிப்பில், ஐ.பி.ஏ. இல்லாமல் இந்த ஊரில் ஆலை நடத்துவது சாம்பார் இல்லாமல் மெஸ் நடத்துவதைப் போன்றது. அது இருந்தே ஆக வேண்டும். அதற்காக மட்டும் யாரும் தேடி வர மாட்டார்கள்.

அப்படியானால் யாரும் காய்ச்சாத வகையைக் காய்ச்சினால் என்ன?

அதற்கும் முன்னோடி உண்டு. சான் மார்கோஸில் 2006-இல் தொடங்கிய லாஸ்ட் ஆபி, பெல்ஜிய மடாலயங்களின் பாணியையும் மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் புளிப்புப் பீர்களையும் கையில் எடுத்து, ஐ.பி.ஏ. கூட்டத்துக்கு நடுவே தனக்கென்று ஒரு பக்தர் குழாமைச் சேர்த்தது. ஆனால் மரப்பீப்பாயில் தூங்கும் பீர் என்பது தூங்கும் பணம். கையில் முதல் குறைவாக உள்ளவருக்கு அது தாங்காது.

லாகரிலும் இதே சிக்கல் இருக்கிறது. சற்று வெதுவெதுப்பில் சீக்கிரம் புளிக்கும் ஏல் வகைகள் (ஐ.பி.ஏ. அவற்றில் ஒன்று) இரண்டு மூன்று வாரத்தில் தொட்டியை விட்டு இறங்கிவிடும்; குளிரில் மெல்லப் பதப்படும் லாகர் ஆறு வாரம், எட்டு வாரம் தொட்டியை அடைத்துக்கொண்டு நிற்கும். நான்கே தொட்டிகள் உள்ள ஆலைக்கு ஒரு லாகர் என்பது இரண்டு ஐ.பி.ஏ.வை இழப்பதற்குச் சமம். இருந்தும், வெளிர்நிற லாகரான பில்ஸ்னரை நன்றாகக் காய்ச்சத் தெரிந்தவருக்குச் சக ஆலைக்காரர்களிடையே தனி மதிப்பு உண்டு, ஏனெனில் அதில் பிழையை மறைக்க ஹாப்ஸ் வாசனையின் திரை கிடையாது.

தின்பண்டங்கள், காலை உணவுத் தானியம், மிட்டாய், மிளகாய் என்று கண்டதையும் போட்டுக் காய்ச்சுவது வேறு விஷயம். அது ஒரு வார இறுதிக்குக் கூட்டம் சேர்க்கும். ஒரு கோப்பைக்கு மேல் யாரும் கேட்காத பீரால் வாடகை கட்ட முடியாது.

'புதிது, புதிது' என்று எல்லா ஆலைகளும் சொல்கின்றன. அது விளம்பரமா, உண்மையா?

உண்மை, அதுவும் சிறிய ஆலையிடம் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம். ஹாப்ஸ் மணம் நிலையற்றது. பீருக்குள் சிறிதளவு காற்று புகுந்தாலும், கேன் சில வாரம் சூட்டில் இருந்தாலும், முதலில் மணம் போகும். பிறகு ஈர அட்டைப்பெட்டி வாடை வரும். இறக்கிய கள்ளுக்குப் பொழுது கணக்கு இருப்பதைப் போல ஐ.பி.ஏ.வுக்கு வாரக் கணக்கு இருக்கிறது. ஸ்டோன் ஆலை 2012-இல் 'என்ஜாய் பை' என்ற பீரை வெளியிட்டபோது, எந்தத் தேதிக்குள் குடித்துவிட வேண்டுமோ அந்தத் தேதியையே அதன் பெயரின் பகுதியாக்கியது; புட்டியில் அடைத்ததிலிருந்து ஐந்து வாரம் சொச்சம்தான் அதற்கு ஆயுள்.

ஒருமுறை நான் ஒரு ஆலையில், பீர் ஊற்றிக் கொடுக்கும் கூடத்திலேயே ஒரு ஹேஸி ஐ.பி.ஏ. குடித்தேன். மாம்பழ மில்க்‌ஷேக் நிறம், கோப்பையை மூக்கருகே கொண்டுவரும் முன்பே மணம் எட்டியது. சில மாதம் கழித்து அதே பீரின் கேன் ஒரு பேரங்காடியில், குளிர்பெட்டிக்கு வெளியே, அட்டைப்பெட்டிகளின் அடுக்கில் இருந்தது. வாங்கி வந்து வீட்டில் ஊற்றினால் கழுவிய செம்மண் நிறம். வாயில் வைத்தால் பழைய தேன் வாடை. அதன் பிறகுதான் கேனைத் தலைகீழாகத் திருப்பி அடியில் அச்சிட்ட தேதியைப் பார்த்தேன். ஐந்து மாதம் ஆகியிருந்தது. அன்று முதல் திருப்பிப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை, ஏனெனில் தவறு காய்ச்சியவருடையது அல்ல. தான் கண்காணிக்க முடியாத அலமாரிக்குத் தன் பீரை அனுப்பியது மட்டுமே அவர் செய்த பிழை.

வேலை செய்யும் ஆலையிலிருந்து பத்தடி தூரத்தில் பீர் ஊற்றுபவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. பெரிய நிறுவனம் எத்தனை கோடி விளம்பரம் செய்தாலும் இந்தப் பத்தடியை விலைக்கு வாங்க முடியாது.

சொந்தக் கூடத்தில் விற்பதா, கடைகளுக்கு அனுப்புவதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பீப்பாயில் 16 அவுன்ஸ் கோப்பை 248 இருக்கிறது. நுரை, குழாய் கழுவுதல், சிந்தல் என்று ஒரு பங்கு போனால் 220 கோப்பை நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுக்குக் கோப்பை 8 டாலர் என்றால் 1,760 டாலர். அதே பீப்பாயை இரண்டு அரைப்பீப்பாய் கெக்குகளாக (எஃகு உருளைகளாக) ஒரு மதுக்கூடத்துக்கு கெக் 200 டாலர் வீதம் கொடுத்தால் 400 டாலர். கேனில் அடைத்து விநியோகஸ்தர் மூலம் அனுப்பினால் கேன், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, விநியோகஸ்தரின் பங்கு ஆகியவற்றையும் கழிக்க வேண்டும்.

கூடத்துக்கு வாடகை, ஆள் சம்பளம், காப்பீடு, கழிப்பறை சுத்தம் எல்லாம் உண்டு என்பது மெய். அவற்றைக் கழித்தும் நான்கு மடங்கு வேறுபாடு அவ்வளவு எளிதில் கரைவதில்லை. அதனால்தான் 2010-க்குப் பிறகு இங்கே தொடங்கிய பல ஆலைகள் கூடத்தை மையமாக வைத்தே திட்டம் போட்டன. கூட்டாட்சி அரசின் தீர்வையும் சிறியவர்களுக்குச் சாதகமானது: முதல் 60,000 பீப்பாய்க்குப் பீப்பாய் ஒன்றுக்கு 3.50 டாலர் மட்டுமே. 2018-இல் தற்காலிகமாக வந்த இந்தச் சலுகை 2020 இறுதியில் நிரந்தரமானது.

கடைக்கு அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அக்கம்பக்கத்து மதுக்கூடங்கள் பத்துப் பதினைந்தில் ஒரு குழாய் கிடைத்தால் அது நடமாடும் விளம்பரம். கலிஃபோர்னியாவில் ஆலையே நேரடியாகச் சில்லறைக் கடைகளுக்கும் மதுக்கூடங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்பது ஒரு பெரிய வசதி. சொந்த வேனில் கெக்கை ஏற்றிச் செல்பவர், பழைய கெக் காலியாகாமல் நிற்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவார்.

என்ன உரிமம் வேண்டும்?

பெரும்பாலான சிற்றாலைகள் கலிஃபோர்னியாவின் 23-ஆம் வகை உரிமத்தில் இயங்குகின்றன. சமையலறை கட்டாயமில்லை, தன் பீரைத் தன் இடத்தில் விற்கலாம். 75-ஆம் வகை என்பது உணவகத்தோடு சேர்ந்தது. அதில் வைனும் பிற மதுவகைகளும் பரிமாறலாம், ஆனால் முழுமையான உணவகமாக நடத்தியாக வேண்டும். இவை தவிரக் கூட்டாட்சி அரசின் மது, புகையிலை வரி வாரியத்தின் அனுமதியும் தேவை. அனுமதி வரும் வரை காலி இடத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பதுதான் புதியவர் கையைக் கடிக்கும் முதல் செலவு.

இடம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று மிரமார் போன்ற தொழிற்பேட்டை. பக்கத்து ஷெட்டில் கார் பெயின்ட் அடிப்பார்கள், அதற்கடுத்ததில் கிரானைட் அறுப்பார்கள், நடுவில் சுருள் கதவைத் தூக்கிவிட்டால் எஃகுத் தொட்டிகளும் நான்கு நீள மேசைகளும் தெரியும். சமையலறை கட்டாயமில்லாததால் வாசலில் டாக்கோ வண்டி நிற்கும். மேசைக்கடியில் நாய்கள் படுத்திருக்கும். கரும்பலகையில் பன்னிரண்டு பீர்களின் பெயர். ஒன்று தீர்ந்தால் பணியாளர் வந்து ஈரத்துணியால் அந்த வரியைத் துடைப்பார். வாடகை மலிவு, கூரை உயரம், லாரி வந்து திரும்ப இடமுண்டு. அந்த வட்டாரத்தில் அடுத்தடுத்து இத்தனை ஆலைகள் வந்ததால் ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாக 'பீரமார்' என்கிறார்கள்.

மற்றொன்று நார்த் பார்க் போன்ற குடியிருப்புப் பகுதி. வாடகை கடுமை, ஆனால் காலாற நடந்து வருகிற வாடிக்கையாளர் கிடைப்பார். பலர் தொழிற்பேட்டையில் காய்ச்சி, குடியிருப்புப் பகுதியில் சிறிய கூடம் ஒன்றைத் தனியே வைத்து இரண்டையும் இணைக்கிறார்கள். நெரிசல் முற்றிய பின் தொடங்குபவருக்கு நான் சொல்வது: பீர்க் கூட்டம் ஏற்கெனவே கூடும் தெருவை விட, இரண்டு மைல் சுற்றளவில் வேறு ஆலை இல்லாத குடியிருப்புக்கு மதிப்பு அதிகம். அங்கே நீங்கள் எட்டாவது கடையாக இருக்க மாட்டீர்கள், ஊரின் ஒரே கடையாக இருப்பீர்கள்.

உள் அலங்காரத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2013-இல் பாயின்ட் லோமாவில் திறந்த மாடர்ன் டைம்ஸ், மைக்கேல் ஜாக்சனும் அவருடைய சிம்பன்சியும் இருக்கும் பெரிய படத்தை முழுக்க முழுக்க ஒட்டுச்சீட்டுகளாலேயே சுவரில் உருவாக்கியது. பீரின் பெயரை மறந்தவர்கள்கூட அந்தச் சுவரை மறக்கவில்லை.

பெயரும் லேபிளும் எவ்வளவு முக்கியம்?

முக்கியம் என்பதோடு ஆபத்தும்கூட. நாட்டில் 9,000-க்கும் மேற்பட்ட ஆலைகள், ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பல பெயர்களைச் சூட்டுகின்றன. ஹாப்ஸ் என்ற சொல்லை வைத்து ஆடும் சிலேடைகள் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டன. ஒரு பெயர் தோன்றியவுடன் வணிகச் சின்னப் பதிவேட்டில் தேட வேண்டும். பீரில் மட்டும் தேடினால் போதாது, வைனிலும் பிற மதுக்களிலும் அந்தப் பெயர் இருந்தால் பதிவு மறுக்கப்படலாம். லேபிள் அச்சாகிக் கேனில் ஒட்டிய பிறகு வழக்கறிஞரின் கடிதம் வந்தால் செலவு அச்சகத்தோடு நிற்காது.

பெரிய ஆலைகளும் இதில் சிக்கியிருக்கின்றன. மில்லர்கூர்ஸ் நிறுவனம் 'கீஸ்டோன்' பீரின் கேனை 2017-இல் மாற்றியமைத்தபோது 'ஸ்டோன்' என்ற பாதி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சான் டியேகோவின் ஸ்டோன் ஆலை 2018-இல் வழக்குத் தொடுத்தது. 2022 மார்ச்சில் ஜூரி 5.6 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. நேர்மாறான கதையும் இருக்கிறது. ஐ.பி.ஏ. என்ற மூன்று எழுத்துகளை வடித்திருந்த விதத்துக்காக 2015 ஜனவரியில் சியரா நெவாடா ஆலைமீது லகுனிடாஸ் வழக்குப் போட்டது. சமூக ஊடகங்களில் குடிமக்கள் கொந்தளித்ததும் ஓரிரு நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதல் வழக்கில் வாடிக்கையாளர் உங்களோடு நிற்பார். இரண்டாவதில் உங்களையே கேலி செய்வார்.

உள்ளூர்ப் பற்றை வைத்து நிஜமாகவே விற்க முடியுமா?

முடியும், அது ஒட்டவைத்ததாக இல்லாவிட்டால். ஏல்ஸ்மித் ஆலையின் '.394' பீரை எடுத்துக்கொள்ளுங்கள். சான் டியேகோ பாட்ரேஸ் பேஸ்பால் அணிக்காகவே தன் ஆட்டவாழ்வு முழுவதையும் கொடுத்த டோனி க்வின் 1994-இல் எட்டிய மட்டையடிச் சராசரி அது. அந்த எண்ணை மட்டும் லேபிளில் பார்த்தால் வெளியூர்க்காரருக்கு ஒன்றும் விளங்காது. உள்ளூர்க்காரருக்கு அடுத்த சொல் தேவைப்படாது. க்வினுடன் சேர்ந்தே உருவாக்கிய அந்தப் பேல் ஏல், அவர் மறைந்த 2014-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கடல் அலையையும் பனைமரத்தையும் வரைந்த லேபிள்கள் இந்த ஊரில் நூறு இருக்கும். அவற்றில் எதற்கும் இந்தப் பிடிப்பு இல்லை.

பெரிதாக வளர்ந்தவர்களுக்கு என்ன ஆயிற்று?

புதியவர்கள் மிகவும் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். 2002-இல் தொடங்கிய கிரீன் ஃபிளாஷ், நாட்டின் மறுகரையையும் பிடிக்க நினைத்து 2016-இல் வர்ஜீனியா பீச்சில் பெரிய ஆலை ஒன்றைத் திறந்தது. அது திறந்த நேரத்தில் அந்தக் கரையிலும் ஊருக்கு ஊர் புதிய சிற்றாலைகள் வந்துவிட்டன. மூவாயிரம் மைல் தள்ளிப் பிறந்த பெயரை அங்கே யாரும் தேடவில்லை. 2018 தொடக்கத்தில் பல மாநிலங்களிலிருந்து பின்வாங்கி, வர்ஜீனியா ஆலையை மூடி, கடன் கொடுத்த வங்கியின் நடவடிக்கையால் நிறுவனமே கைமாறியது.

பாலஸ்ட் பாயின்ட் கதை இன்னும் பெரியது. ஸ்கல்பின் ஐ.பி.ஏ.வின் பெயரில் ஏறிய அந்த ஆலையைக் கான்ஸ்டலேஷன் என்ற பெரிய மது நிறுவனம் 2015-இல் நூறு கோடி டாலருக்கு வாங்கியது. நான்கே ஆண்டில், 2019 டிசம்பரில், இல்லினாயைச் சேர்ந்த கிங்ஸ் அண்ட் கன்விக்ட்ஸ் என்ற, பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத சிறிய ஆலைக்கு அதை விற்றுவிட்டது. உள்ளூர் நாயகன் வெளியூர்க் கம்பெனியின் சொத்தானதும், அதே குழாயில் அதைவிட இளைய உள்ளூர்ப் பெயர் ஒன்றை மாட்ட மதுக்கூடங்கள் தயங்கவில்லை.

ஸ்டோன் 2016-இல் பெர்லினில் ஆலை திறந்து, 2019-இல் அதை ஸ்காட்லாந்தின் ப்ரூடாக் பீர் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுத் திரும்பியது. 2022-இல் ஜப்பானின் சப்போரோ பீர் நிறுவனம் ஸ்டோனையே வாங்கியது. மாடர்ன் டைம்ஸ் 2022 பிப்ரவரியில் வெளியூர்க் கூடங்கள் நான்கை மூடியது.

இந்த நான்கு கதைகளிலும் பீர் கெட்டுப்போனதாக யாரும் சொல்லவில்லை. கடன் வாங்கி, தொலைவில், நிறைய என்ற மூன்றும் சேர்ந்ததே வினை. தொலைவில் விற்க வேண்டுமென்றால் பெரிய தொட்டி வேண்டும். பெரிய தொட்டியின் தவணையைக் கட்ட இன்னும் தொலைவில் விற்க வேண்டும்.

பெரிய நிறுவனம் நம் தெருவிலேயே 'கிராஃப்ட்' கடை திறந்தால்?

திறந்திருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனமான ஏபி இன்பெவ் வாங்கியிருந்த ஒரிகன் மாநிலத்து 10 பேரல் என்ற பெயரில் 2017-இல் நகர மையத்தின் ஈஸ்ட் வில்லேஜில் கடை வந்தது. உள்ளூர் ஆலைச் சங்கத்தினர் முன்கூட்டியே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே ஆண்டில்தான் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் தலைகீழ்ப் பாட்டில் வடிவில் 'சுதந்திரமான ஆலை' முத்திரையை வெளியிட்டது. அந்த முத்திரையைப் பார்த்து வாங்குபவர் உண்டு. ஆனால் ஊற்றிக் கொடுப்பவரும் காய்ச்சியவரும் ஒருவரே என்பது கண்ணெதிரே தெரியும் கூடத்துக்கு எந்த முத்திரையும் தேவைப்படுவதில்லை.

சக ஆலைகளைப் போட்டியாளர்களாக நடத்த வேண்டுமா?

வெளியாள் கண்ணுக்கு வியப்பாக இருக்கும். இங்கே மால்ட் மூட்டை தீர்ந்தால் பக்கத்து ஆலையில் கடன் கேட்பார்கள், ஈஸ்ட் சரியாக எழும்பவில்லை என்றால் ஒரு வாளி வாங்கி வருவார்கள். 1997 முதல் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் இருக்கிறது. இரண்டு ஆலைகள் கூடிக் காய்ச்சும் 'கொலாப்' பீர், இருவரின் வாடிக்கையாளரையும் மற்றவரின் வாசலுக்கு அழைத்து வருகிறது. மதுக்கூடத்தின் குழாய்க்கு மட்டும் உள்ளூரப் போட்டி உண்டு. அதைப் பற்றி மேசையில் யாரும் பேசுவதில்லை.

தண்ணீர்?

ஊரின் குழாய்நீரில் பெரும்பகுதி கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது, கடினத்தன்மை மிக்கது. ஹாப்ஸ் கசப்புக்கு அது ஒத்துப்போகும், மென்மையான பில்ஸ்னருக்கு ஒத்துப்போகாது. வடிகட்டி, உப்புகளைத் திருத்தித்தான் காய்ச்சுகிறார்கள். நகராட்சி சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டு ஸ்டோன் 2017-இல் 'ஃபுல் சர்க்கிள்' என்ற பேல் ஏலையே காய்ச்சிக் காட்டியது.

முதல் ஆண்டில் எத்தனை வகை காய்ச்சலாம்?

பலகையில் பன்னிரண்டு குழாய் இருப்பதால் பன்னிரண்டையும் வேறு வேறாக நிரப்ப வேண்டும் என்ற பதற்றம் இயல்பு. மூன்றை நிரந்தரமாக வைத்து, அவற்றை ஒவ்வொரு முறையும் ஒரே சுவையில் கொண்டுவரப் பழகுவது முதல் வேலை: ஒரு மேற்குக் கரை ஐ.பி.ஏ., ஒரு வெளிர் லாகர் அல்லது கோல்ஷ் (மென்மையான ஜெர்மானிய ஏல்), கருநிறத்தில் ஒன்று. மற்றக் குழாய்களில் சோதனை செய்யுங்கள். பிசகிப்போன தொகுதியைத் தயங்காமல் சாக்கடையில் ஊற்றும் மனத்திடமும் வேண்டும். கழுத்துவரை கடன் இருக்கும்போது ஏழு பீப்பாயை ஊற்றிவிடுவது கடினம்தான், ஆனால் அதைக் குடித்துப் போனவர் மறுபடி வர மாட்டார், ஏன் வரவில்லை என்றும் சொல்ல மாட்டார்.

மதுவில்லாப் பீர், செல்ட்சர் போன்றவற்றைத் தொட வேண்டுமா?

கூடத்தில் பீர் குடிக்காத நண்பர் ஒருவருக்காவது கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும். அந்த ஒருவர் மறுத்தால் நால்வரும் வேறு கடைக்குப் போவார்கள். செல்ட்சர் (ஆல்கஹால் கலந்த சோடா) காய்ச்சுவது எளிது. மதுவில்லாப் பீர் எளிதன்று: ஆல்கஹாலும் பெரிய அளவு அமிலமும் இல்லாததால் கிருமி வளர வாய்ப்பு அதிகம், பாஸ்டரைஸ் செய்யும் கருவி இல்லாத சிற்றாலை அதில் கைவைக்காமல், வாங்கி வைப்பதே நல்லது.

மூட நேர்ந்தால் தொட்டிகளும் இடமும் என்ன ஆகும்?

2024-இல் அமெரிக்காவில் திறந்த ஆலைகளைவிட மூடியவை அதிகம், ஆகவே இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. எஃகுத் தொட்டி எளிதில் தேய்வதில்லை. கிரீன் ஃபிளாஷ் கைவிட்ட வர்ஜீனியா பீச் ஆலையில் அதே 2018-இல் அட்லாண்டாவின் நியூ ரெல்ம் குடியேறியது. பாலஸ்ட் பாயின்டின் டிரேட் தெரு ஆலையை 2020-இல் மதுவில்லாப் பீர் மட்டுமே காய்ச்சும் அத்லெடிக் நிறுவனம் வாங்கிக்கொண்டது. சிறிய அளவிலும் இதேதான் நடக்கிறது: மூடும் ஆலையின் ஏழு பீப்பாய்க் கொதிகலன் புதிதின் விலையில் ஒரு பகுதிக்குக் கிடைக்கும், கெக்குகள் மொத்தமாகப் போகும். வாங்கியவர் கெக்கின் கழுத்தில் பொறித்திருக்கும் பழைய ஆலையின் பெயர்மீது தன் ஒட்டுத்தாளை ஒட்டிக்கொள்வார். சில கெக்குகளில் அப்படி மூன்று அடுக்கு ஒட்டுத்தாள்கள் இருப்பதைப் பார்க்கலாம்.